போர்வெல் வற்றுகிறதா, நாம்தான் அதிகம் இழுக்கிறோமா?

பெங்களூரு கே.ஆர்.புரத்தில் எங்கள் குடியிருப்பின் மோட்டார் ரூம் சாவி என்னிடம்தான். கோடையில் தண்ணீர் குறைந்தாலே, "இன்னும் 200 அடி போடலாம் சார்" என்று யாராவது வந்து நிற்பார்கள். அதற்கு முன் அளந்து பாருங்கள்.

இரவெல்லாம் மோட்டாரை நிறுத்தி, காலையில் மெயினையும் அணைத்துவிடுங்கள். இரட்டை ஒயரின் இரு நுனிகளையும் சீவி, ஒன்றையொன்று தொடாமல் கட்டி, சின்ன எடை தொங்கவிட்டு மெதுவாக இறக்குங்கள். மேல்முனையில் மல்டிமீட்டரை மின்தடை (ஓம்) அளக்கும் நிலையில் வையுங்கள். நுனிகள் தண்ணீரைத் தொட்டதும் அளவு மாறும். அந்த ஆழத்தை எழுதுங்கள். மோட்டார் ஓடி நின்றதும் மறுபடி அளந்து பாருங்கள், அப்புறம் அரைமணிக்கு ஒருமுறை.

காலை நீர்மட்டமே வாராவாரம் இறங்கினால், இறைக்கும் அளவுக்கு மழை ஊட்டவில்லை. 2023-இல் மழை பொய்த்தது. 2024 மார்ச்சில் நகரின் அரசு போர்வெல்களில் ஏறக்குறைய பாதி வற்றிவிட்டதாக அரசே சொன்னது.

காலையில் சரியாக இருந்து, ஓடும்போது மட்டும் மளமளவென்று இறங்குகிறதா? இங்கே அடியில் கெட்டிப் பாறை. தண்ணீர் விரிசல்களில்தான் ஊறும். ஊறுவதைவிட வேகமாக இழுக்கிறோம். தண்ணீர் வெளிவரும் குழாயின் கேட் வால்வைக் கொஞ்சம் மூடி, விட்டு விட்டு ஓட்டுங்கள். இந்த ஒன்றிலேயே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நம் மோட்டார் நின்ற பிறகும் இறங்கினால், பக்கத்து போர்வெல் அதே விரிசலில் இழுக்கிறது என்று சந்தேகிக்கலாம். சண்டை வேண்டாம், நேரம் பிரித்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் இழுக்கும் ஆம்பியர் (மின்னோட்டம்) திடீரென்று குறைந்து குழாயில் காற்று வந்தால் உடனே நிறுத்துங்கள். தண்ணீரில்லாமல் ஓடும் சப்மெர்சிபிள் (நீரில் மூழ்கி ஓடும் மோட்டார்) சூடேறிக் கருகிவிடும்.