பதினோரு பேர், ஒரே வண்டி: அமெரிக்காவுல குடும்பத்துக்குப் பெரிய வேன் வாங்குறது எப்படி

எங்க வீட்ல நாங்க ரெண்டு பேர், மூணு பிள்ளைங்க, ஊர்ல இருந்து வந்து ஆறு மாசம் தங்குற அத்தை மாமா, பக்கத்துத் தெருவுல கொழுந்தனார் குடும்பம் நாலு பேர், ஆக மொத்தம் பதினோரு பேர். ஒஹாயோ மாநிலத்து கொலம்பஸ்ல இருந்து பிட்ஸ்பர்க் பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்குப் போறதுன்னா மூணு மணி நேரம், ரெண்டு கார்ல தான் போவோம். புளியோதரை டப்பா ஒரு கார்ல இருக்கும், பசிக்குதுன்னு அழுற பிள்ளை இன்னொரு கார்ல இருக்கும், ஒரு கார் பாத்ரூமுக்கு நின்னா இன்னொன்னு இருபது மைல் முன்னாடி போயிருக்கும். அதனால தான் பெரிய வேன் வாங்க முடிவு பண்ணோம். நாலு மாசம் தேடி வாங்கினோம், அதுல கத்துக்கிட்டதை முதல் தடவை வாங்குறவங்களுக்குப் புரியுற மாதிரி படிப்படியா எழுதுறேன்.

படி 1: தலை எண்ணுங்க, அப்புறம் பெட்டி எண்ணுங்க

முதல்ல உங்களுக்கு இவ்ளோ பெரிய வண்டி நிஜமாவே வேணுமான்னு பாருங்க. டொயோட்டா சியன்னா, ஹோண்டா ஒடிஸி மாதிரி மினிவேன்ல அதிகபட்சம் எட்டு பேர். செவ்ரலே சபர்பன்ல முன்னாடி பெஞ்ச் சீட் போட்ட மாடல் கெடைச்சா ஒன்பது. எட்டு பேருக்குள்ள முடிஞ்சா மினிவேனே போதும், ஓட்டவும் நிறுத்தவும் அது தான் சுலபம். ஒன்பது பேரைத் தாண்டினா தான் 12 சீட்டர், 15 சீட்டர் பக்கம் வரணும்.

15ன்னு சொல்றது டிரைவரையும் சேத்து தான். டிரைவரோட சேத்து 16 பேர் உக்காரும்படி செஞ்ச வண்டின்னா அதுக்கு கமர்ஷியல் லைசன்ஸ் வேணும், அதனால தான் கம்பெனிக்காரங்க 15ல நிறுத்திக்கிறாங்க. இதுக்கு மேல சில மாநிலத்துல தனி விதி இருக்கலாம், லைசன்ஸ் குடுக்குற உங்க டி.எம்.வி ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

அப்புறம் பெட்டி. இங்க தான் முக்காவாசிப் பேர் ஏமாந்து போறாங்க. செவ்ரலே எக்ஸ்பிரஸ் 12 சீட்டர்ல வரிசை 2, 3, 3, 4ன்னு வரும், 15 சீட்டர்ல 2, 3, 3, 3, 4. ரெண்டுலயும் கடைசி பெஞ்சுக்குப் பின்னாடி டிக்கி இடம் ரொம்பக் கம்மி. பன்னெண்டு பேர் ஏறிட்டா பன்னெண்டு பேர் பெட்டி எங்க வைக்கிறது? நாங்க கண்டுபிடிச்ச கணக்கு, நீளமான 15 சீட்டர் வாங்கி கடைசி பெஞ்ச்சைக் கழட்டி கராஜ்ல வச்சிட்டா 2, 3, 3, 3, சரியா பதினோரு சீட்டு, பின்னாடி நல்ல இடம். பெஞ்ச் செம கனம், கழட்ட ரெண்டு ஆள் வேணும்.

இடத்துக்காக மட்டும் இதைச் சொல்லல. அடுத்த படியைக் கண்டிப்பா படிங்க.

படி 2: இந்த வண்டி ஏன் கவுறுதுன்னு புரிஞ்சுக்கோங்க

அமெரிக்காவுல ரோடு பாதுகாப்பைப் பாக்குற அரசு அமைப்பு என்.எச்.டி.எஸ்.ஏ, 2001ல இருந்தே 15 சீட்டர் வேனைப் பத்தி எச்சரிக்கை விட்டுட்டு இருக்காங்க. பத்து பேரோ அதுக்கு மேலயோ ஏத்தின வேன், வேற வண்டி எதுவும் சம்பந்தப்படாம தனியா விபத்துல மாட்டும்போது உருளுற விகிதம், கம்மி ஆளோட போற வேனை விட கிட்டத்தட்ட மூணு மடங்குன்னு அவங்க சொன்னது. காரணம் லேசா புரியும். ஆள் ஏற ஏற வண்டியோட கனம் மேலயும் போகுது, பின்னாலயும் போகுது. கடைசி பெஞ்ச் பின் சக்கரத்துக்கும் பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கு, அங்க நாலு பெரியவங்க உக்காந்தா வால் பக்கம் கனத்துப் போய், திடீர்னு ஸ்டியரிங்கை ஒடிச்சா பின்பக்கம் வாலாட்டி வண்டியை இழுத்துட்டுப் போயிடும்.

ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போக புது 15 சீட்டரை விக்கக் கூடாதுன்னு இங்க டீலருக்கு ஃபெடரல் சட்டமே இருக்கு. ஸ்கூல் பஸ் தரத்துல இல்லைங்கறது தான் காரணம். இதைப் படிச்சப்ப எனக்கு ரெண்டு நாள் தூக்கமே வரல, என் பிள்ளைங்களைத் தானே ஏத்தப் போறேன்.

அதனால நாங்க ஒரு விதி வச்சோம். எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், சுருக்கமா இ.எஸ்.சி, இல்லாத வண்டியைத் திரும்பிக் கூட பாக்கறதில்லை. வண்டி வழுக்க ஆரம்பிச்சா எந்தச் சக்கரத்துக்கு பிரேக் வேணுமோ அதுக்கு மட்டும் தானா பிரேக் போட்டு நேராக்குற சிஸ்டம் இது. ஆளும் பொருளும் சேத்து எடை 10,000 பவுண்டுக்குள்ள வர்ற எல்லா வண்டிக்கும் 2012 மாடல்ல இருந்து கட்டாயம். அதுக்கு முன்னாடி சில வேன்ல இருக்கும், சிலதுல இருக்காது. அதனால பட்ஜெட் எவ்ளோ இறுக்கமா இருந்தாலும் 2012க்குக் கீழ போகாதீங்க. சாவி போட்டதும் டாஷ்போர்டுல வழுக்குற கார் படம் எரிஞ்சு அணையணும், எரியவே இல்லன்னாலும் தப்பு, அணையலன்னாலும் தப்பு.

படி 3: எந்த மாடல்

செவ்ரலே எக்ஸ்பிரஸும் அதோட இரட்டையான ஜி.எம்.சி சவானாவும் 1996ல இருந்து பெருசா மாறாம வர்ற வண்டி. 2020 மாடல் வரைக்கும் வந்த 6.0 லிட்டர் வி8 இஞ்சின் பெட்ரோல் குடிக்கும், ஆனா உழைக்கும், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். குறைன்னா இஞ்சின் புகையைச் சேத்து வெளிய அனுப்புற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோட போல்ட் ஒடையும், காலைல குளிர்ச்சியா ஸ்டார்ட் பண்றப்ப டிக் டிக்னு சத்தம் கேட்டா அது தான்.

ஃபோர்டு ஈ-350 பயணிகள் வேன் 2014 மாடலோட நின்னு போச்சு. பலமான வண்டி, ஆனா இஞ்சின் பாதி உள்ள வந்து உக்காந்திருக்கறதால முன்சீட்ல காலு வைக்க இடுக்கு. அதுலயே 6.0 லிட்டர் டீசல் இருக்கற பழைய வண்டிங்க பேர் கெட்டது, வேண்டவே வேண்டாம்.

அதுக்குப் பதிலா வந்தது தான் ஃபோர்டு ட்ரான்ஸிட், 2015 மாடல்ல இருந்து. ஓட்ட கார் மாதிரி லேசா இருக்கும், உயரக் கூரை எடுத்தா உள்ள நிமிந்து நடக்கலாம், பெரியவங்களுக்கு அது எவ்ளோ வசதின்னு சொல்லி முடியாது. 2020ல இருந்து நாலு சக்கரத்துக்கும் பவர் போற மாடலும் உண்டு, பனி கொட்டுற ஊர்ல இருந்தா அதைத் தேடுங்க. 2015, 2016, 2017 ட்ரான்ஸிட் பாக்கறீங்கன்னா பின் சக்கரத்துக்கு பவர் கொண்டு போற டிரைவ்ஷாஃப்ட்டை இணைக்குற ரப்பர் கப்ளிங்குக்கு ரீகால், அதாவது கம்பெனியே கூப்பிட்டு சரி பண்ணித் தர்றது, இருந்துச்சு, செஞ்சாச்சான்னு என்.எச்.டி.எஸ்.ஏ வெப்சைட்ல வின் நம்பர், அதாவது வண்டியோட அடையாள நம்பர், போட்டுப் பாருங்க, காசு இல்லாம ரெண்டு நிமிஷ வேலை.

நிஸ்ஸான் என்.வி 12 சீட்டர் 2021ல நின்னது, கெடைச்சா நல்ல வண்டி. மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் சொகுசு தான், ரிப்பேர்ச் செலவைத் தாங்குறவங்க பாக்கட்டும்.

படி 4: வண்டியைப் பாக்குறதுக்கு முன்னாடியே வீட்ல செய்ய வேண்டியது

டேப் எடுத்துட்டு உங்க டிரைவ்வேயை அளங்க. நீள எக்ஸ்பிரஸ் 244 இன்ச், அதாவது 20 அடிக்கு மேல, உயரம் ஏழு அடி பக்கம். சாதாரண கராஜ் கதவே ஏழு அடி தான், உள்ள போகாதுன்னே வச்சுக்கோங்க. டவுன்டவுன் பார்க்கிங் கட்டடத்துல 6 அடி 8 இன்ச்னு போர்டு தொங்கும், அங்க எல்லாம் வெளிய தான் நிறுத்தணும்.

அடுத்தது இன்சூரன்ஸ். எல்லாக் கம்பெனியும் 15 சீட்டருக்கு வீட்டு பாலிசி குடுக்க மாட்டாங்க, சிலர் கமர்ஷியல்ல தான் போடுவோம்பாங்க. காசு கட்டறதுக்கு முன்னாடியே வின் நம்பர் குடுத்து விலை கேட்டுடுங்க. கடைசி பெஞ்ச் கழட்டிட்டோம், குடும்பத்துக்கு மட்டும் தான், வாடகைக்கு ஓடாதுன்னு தெளிவா சொல்லுங்க.

படி 5: நேர்ல போய் பாக்குறது

பழைய வேன் பெரும்பாலும் சர்ச், ஹோட்டல், காலேஜ், ரென்டல் கம்பெனி இவங்க கிட்ட இருந்து தான் வரும். சர்ச் வேன் நல்ல தேர்வு, ஞாயித்துக்கிழமை மட்டும் ஓடியிருக்கும், மைல் கம்மி. ஆனா ஓடாமலே நின்ன வண்டில ரப்பர் எல்லாம் காஞ்சு போயிருக்கும். ஹோட்டல் ஷட்டில்னா ஏர்போர்ட் வாசல்ல மணிக்கணக்கா இஞ்சின் ஓடிக்கிட்டே நின்னிருக்கும், மைலை மட்டும் பாத்து ஏமாறாதீங்க, மீட்டர்ல இஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு காட்டுற வண்டின்னா அதையும் பாருங்க.

முதல்ல தரைல குனிங்க. ஒஹாயோ மாதிரி ரோட்ல உப்பு போடுற மாநிலத்து வண்டின்னா பிரேக் லைன், பின்பக்க ஏசிக்கும் ஹீட்டருக்கும் போற நீளக் குழாய் எல்லாம் துரு பிடிச்சு ஓட்டை விழும். நாங்க இங்க பாத்த மூணு வண்டியும் அடில துரு தின்னது தான். கடைசில டென்னஸி போய் ஒரு சர்ச்சோட 2012 எக்ஸ்பிரஸ் 3500 எடுத்தோம், அடி சுத்தமா இருந்துச்சு.

அடுத்தது டயர். ஒரு இடத்துல வண்டி வித்தவர் டயர் எல்லாம் புதுசுன்னு அடிச்சு சொன்னார், பட்டனும் நிறைய இருந்துச்சு, பளபளன்னு கருப்பு மையும் பூசியிருந்தார். டயர் பக்கவாட்டுல டாட் (DOT)னு ஆரம்பிக்கற நம்பரோட கடைசி நாலு இலக்கத்தைப் பாத்தேன், வயசு பத்தைத் தாண்டியிருந்துச்சு. அந்த நாலு இலக்கத்துல முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், 2319ன்னா 2019ல 23ஆவது வாரம் செஞ்சது. ஒரு பக்கம் பாதி நம்பர் தான் இருக்கும், அப்படின்னா உள்பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க. வண்டிக்கு அடில தொங்குற ஸ்டெப்னியையும் மறக்காதீங்க, அது அனேகமா வண்டியோட வந்ததாவே இருக்கும், அதை எடுத்து மாட்டி லாங் ட்ரிப் போகவே கூடாது. இந்த வேனுக்கு சாதாரண கார் டயர் ஆகாது, எல்.டி (LT)ன்னு போட்ட, அதிக கனம் தாங்குற லோட் ரேஞ்ச் ஈ டயர் தான் நாங்க போட்டோம்.

உள்ள ஏறி ஒவ்வொரு சீட் பெல்ட்டையும் இழுத்துப் பாருங்க, பதினஞ்சையும். பூஸ்டர் சீட்டுக்கு தோள் மேல வர்ற பெல்ட் கட்டாயம், இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தா அங்க பூஸ்டர் வைக்கக் கூடாது. குழந்தை சீட்டை மாட்டுற கொக்கி எல்லா வரிசைலயும் இருக்காது, மேனுவல்ல எந்த சீட்ல இருக்குன்னு படம் இருக்கும், உங்க கார் சீட்டைக் கையோட எடுத்துட்டுப் போய் மாட்டியே பாத்துடுங்க.

பெரியவங்களையும் கூட்டிட்டுப் போங்க. எங்க அத்தைக்கு முழங்கால் வலி, ஃபோன்ல படம் பாத்து முடிவு பண்ணியிருந்தா அவங்களால ஏறவே முடியாத வண்டியை வாங்கியிருப்போம். ஏறுற இடத்துல படி இருக்கா, பிடிச்சுக்க கைப்பிடி இருக்கா பாருங்க. இல்லன்னா படி தனியா வாங்கி மாட்டலாம். பக்கக் கதவு விரிஞ்சு தொறக்குற மாதிரியும் வரும், தள்ளுற மாதிரியும் வரும், கோயில் பார்க்கிங் மாதிரி நெருக்கமான இடத்துக்கு தள்ளுற கதவு தான் நல்லது.

அப்புறம் பின் ஏசியை முழுசா போட்டு கடைசி வரிசைல பத்து நிமிஷம் உக்காருங்க. ஹைவேல 65 மைல் வேகத்துல ஓட்டிப் பாருங்க. எல்லாம் பிடிச்சிருந்தாலும் வெளி மெக்கானிக் ஒருத்தர் கிட்ட காசு குடுத்துக் காட்டுங்க, முன்னாடியே ஃபோன் பண்ணி இவ்ளோ கனமான வண்டியைத் தூக்க லிஃப்ட் இருக்கான்னு கேட்டுக்கோங்க, எல்லாக் கடைலயும் இருக்காது.

பேப்பர் வேலை சுருக்கம் தான். டைட்டில்ல, அதாவது வண்டி யாருதுன்னு காட்டுற பத்திரத்துல, சால்வேஜ் (பெருசா அடிபட்டு ஒதுக்கின வண்டி), ரீபில்ட் (அதைத் திரும்ப சரி பண்ணது)னு எதுவும் இல்லாம இருக்கணும், பேங்க் கடன் பாக்கி இருக்கக் கூடாது. ஒஹாயோல கவுன்ட்டி டைட்டில் ஆபீஸ்ல மாத்தணும், வெளி மாநிலத்து வண்டின்னா வின் நம்பர் சரிபாக்குற இன்ஸ்பெக்‌ஷனும் உண்டு.

படி 6: வீட்டுக்கு வந்தப்புறம்

முதல் நாளே பதினோரு பேரை ஏத்திட்டுக் கிளம்பிடாதீங்க. என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் ரெண்டு வாரம் காலி வண்டியை காலி பார்க்கிங்ல திருப்பி, ரிவர்ஸ் எடுத்து, அப்புறம் ஹைவேன்னு பழகினாங்க. முன்னாடி போற வண்டிக்கும் நமக்கும் நிறைய இடைவெளி விடணும். சக்கரம் ரோட்டை விட்டு மண்ல இறங்கிட்டா பதறி ஸ்டியரிங்கை ஒடிக்கவே கூடாது, காலை எடுத்து வேகம் குறைஞ்சப்புறம் மெதுவா மேல ஏத்தணும். வீட்ல யார் யார் ஓட்டலாம்னு முடிவு பண்ணிடுங்க, எங்க வீட்ல அவங்க ரெண்டு பேர் மட்டும் தான்.

ஆள் கம்மின்னா முன் வரிசைல இருந்து நிரப்புங்க. கூரை மேல பெட்டி கட்டாதீங்க, பின்னாடி ஹிட்ச்ல தொங்குற கேரியரும் வேண்டாம், அது கனத்தை இன்னும் பின்னாடி தள்ளும். அரிசி மூட்டை, தண்ணி கேஸ் மாதிரி கனமானது எல்லாம் சீட்டுக்கு அடில முன்பக்கமா போகட்டும், கழட்டின பெஞ்ச் இடத்துல துணிப் பெட்டி, போர்வை, ஸ்ட்ரோலர் மாதிரி லேசானதை சீட் உயரத்தைத் தாண்டாம வச்சு கட்டிடுங்க. டிரைவர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல ஆளும் பொருளும் சேத்து எவ்ளோ பவுண்டுன்னு போட்டிருக்கும், ஒரு தடவை எல்லாரையும் எடை கேட்டு கூட்டிப் பாருங்க.

அதே ஸ்டிக்கர்ல தான் காத்து அளவும் இருக்கும், முன்னுக்கும் பின்னுக்கும் வேற வேற. எங்க வண்டிக்கு பின் டயர்ல 80 பி.எஸ்.ஐ. பெட்ரோல் பங்க்ல இருக்கற மெஷின் பலது அவ்ளோ தூரம் ஏத்தாது, நாங்க 100க்கு மேல அடிக்குற சின்ன கம்ப்ரஸர் ஒன்னு வாங்கி வண்டிலயே வச்சிருக்கோம். சனிக்கிழமை காலைல டயர் சூடாகறதுக்கு முன்னாடி மாமா தான் கேஜ் வச்சு நாலு டயரையும் ஸ்டெப்னியையும் பாத்து காலண்டர்ல எழுதி வைப்பார். அவர் எழுதி முடிச்சப்புறம் தான் புளியோதரை டப்பா வண்டில ஏறும்.