துருப்பிடித்து முனை மழுங்கிய நட்டைக் கழற்றுவது எப்படி?

பழைய காரில் வீட்டிலேயே கைவைப்பவர்களை அதிகம் படுத்துவது எஞ்சினோ கியர்பாக்ஸோ அல்ல, சைலன்சரின் முன்குழாயை மேனிஃபோல்டோடு (எஞ்சின் புகையைத் திரட்டி வெளியே விடும் குழாய்த்தொகுதி) இறுக்கிப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று நட்டுகள்தான். வண்டி ஓடும்போது கொதிக்கும், மழையில் நனையும், மறுபடி கொதிக்கும். கடலோர ஊர் என்றால் உப்புக்காற்று வேறு. சில வருஷம் போனால் நட்டு எங்கே முடிகிறது, ஸ்டட் (நட்டு ஏறியிருக்கும், திருகு வரி வெட்டிய தலையில்லாத கம்பி) எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத அளவுக்குச் செங்கல் நிறத்தில் ஒரே கட்டியாகிவிடும். அதில் ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் நட்டு அசையாது. ஸ்பேனர் மட்டும் வழுக்கும். இரண்டு முறை வழுக்கினால் ஆறு முனையும் தேய்ந்து நட்டு வட்டமாகிவிடும்.

இந்த நட்டை வைத்தே முழுச் செய்முறையையும் சொல்கிறேன். வேறு இடத்து நட்டுகளுக்கும் பெரும்பாலும் இதேதான்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

உங்கள் முன்னால் இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு. ஒன்று, மரைக்குள், அதாவது திருகு வரிகளுக்குள், துரு அடைத்துக்கொண்டிருக்கிறது. இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதனால் மரை உள்ளுக்குள்ளேயே நெரிந்து நிற்கிறது. இரண்டாவது, வெளியே பிடிக்க முனை இல்லை. பலரும் இரண்டாவதை மட்டும் பார்க்கிறார்கள். எப்படியோ ஒரு பிடி கிடைத்ததும் பலமெல்லாம் கூட்டி இழுப்பார்கள், ஸ்டட் பட்டென்று முறிந்துவிடும். துருவை இளக்கிவிட்டுத்தான் பிடியைத் தேட வேண்டும்.

இன்னொன்று. நட்டின் விலை ஒரு டீ காசுதான். ஸ்டட் முறிந்தால் மேனிஃபோல்டையே கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் நட்டைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். அது உடையட்டும், பிளக்கட்டும், ஸ்டட் பிழைத்தால் போதும்.

படி 1: வண்டியைப் பத்திரமாக நிறுத்துங்கள்

சமதளம், கைபிரேக், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கியில் தூக்கியபின் கட்டாயம் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் ஸ்டாண்டு ஆகாது, பாரம் ஏறினால் நொறுங்கிவிடும். நாம் அடியில் படுத்துக்கொண்டு பலமாக இழுக்கப்போகிறோம், வண்டி ஆடும் என்பதை மறக்க வேண்டாம். சைலன்சர் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கண்ணாடி அணியாமல் தொடங்காதீர்கள். துரு மேலிருந்து நேராகக் கண்ணில்தான் விழும்.

படி 2: சுத்தம் செய்யுங்கள், சரியான அளவைக் கண்டுபிடியுங்கள்

வயர் பிரஷால் நட்டையும், அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டின் மரையையும் தேயுங்கள். அந்த நீட்டிய மரை முக்கியம். நட்டு கழன்று வரும் பாதை அதுதான். அங்கே துரு இருந்தால் பாதி வழியில் மறுபடி சிக்கும்.

இனி அளவு. முனை மழுங்குவதற்குப் பெரும்பாலும் காரணமே தவறான ஸ்பேனர்தான். மாருதி, டொயோட்டா போன்ற ஜப்பானிய வழி வண்டிகளில் 8 மி.மீ. போல்ட்டுக்கு 12 ஸ்பேனர், 10 மி.மீ. போல்ட்டுக்கு 14 ஸ்பேனர் வரும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண 8 மி.மீ. போல்ட்டுக்கோ 13 ஸ்பேனர். யாரோ ஒருவர் எப்போதோ 12 நட்டில் 13 ஸ்பேனரைப் போட்டிருப்பார், பலனை நீங்கள் அனுபவிக்கிறீர்கள்.

முனை கொஞ்சம்தான் மழுங்கியிருக்கிறது என்றால் ஆறு பட்டை சாக்கெட்டை (உள்பக்கம் அறுகோணமாக இருக்கும், நட்டின் மேல் குப்பிபோல மூடும் கருவி) எடுங்கள். பன்னிரண்டு பட்டை சாக்கெட்டும் ரிங் ஸ்பேனரும் நட்டின் முனைக்குப் பக்கத்தில்தான் அழுத்தும். நம்மிடம் இல்லாதது அந்த முனைதானே. ஆறு பட்டையானது பக்கவாட்டுச் சமதளத்தில் அழுத்தும். திறந்த வாய் ஸ்பேனரை இந்த வேலைக்குக் கையில் எடுக்கவே வேண்டாம்.

படி 3: ஆயில் அடித்துவிட்டுக் காத்திருங்கள்

துருவுக்குள் இறங்குவதற்கென்றே பெனிட்ரேட்டிங் ஆயில் என்று ஸ்ப்ரே டப்பாவில் விற்கிறார்கள். எல்லோர் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40 முதலில் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்யப்பட்டது. பெயரின் பொருளும் அதுதான். லேசான துருவுக்குப் போதும். இறுகிய துருவுக்குத் தனி பெனிட்ரேட்டிங் ஆயிலே நல்லது. எதுவும் இல்லையென்றால் டீசலோ மண்ணெண்ணெயோ வேலை செய்யும், மெதுவாக.

நட்டின் இரண்டு பக்கமும், அதாவது மரை வெளியே வரும் பக்கமும் ஃபிளேஞ்சோடு (குழாய் முனையிலுள்ள தட்டையான விளிம்பு) ஒட்டியிருக்கும் பக்கமும் அடியுங்கள். அப்புறம் சுத்தியலால் நட்டின் பக்கவாட்டில் சுற்றிச்சுற்றித் தட்டுங்கள். பலமாக அல்ல, நிறையத் தடவை. அதிர்வில் துருவில் விரிசல் விழும், அதற்குள் ஆயில் இறங்கும். ஸ்டட்டின் நுனியில் மட்டும் அடித்துவிடாதீர்கள், மரை நசுங்கிவிடும்.

சாயங்காலம் அடித்து, இரவு படுக்கும்முன் ஒருமுறை, காலையில் ஒருமுறை என்று விட்டுவிடுவது என் வழக்கம். பத்து நிமிஷத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் ஸ்டட்டை முறிக்கிறார்கள்.

படி 4: பிடியை உண்டாக்குங்கள்

இங்கே வழிகள் பல. நட்டைக் குறைவாகச் சேதப்படுத்துவதிலிருந்து தொடங்கி வரிசையாகப் போக வேண்டும்.

மழுங்கிய நட்டுக்கென்றே எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் செட் கிடைக்கிறது. உள்ளே சுருள் சுருளாகக் கூர்மையான விளிம்புகள் இருக்கும். கழற்றும் திசையில் திருப்பத் திருப்ப நட்டை இன்னும் கடித்துக்கொள்ளும். அடிக்கடி வண்டியில் கைவைப்பவர் என்றால் வாங்கி வையுங்கள், காசு வீண் போகாது.

அது இல்லாதவர்களுக்கு மெக்கானிக்குகளின் பழைய வித்தை: ஒரு அளவு சிறிய ஆறு பட்டை சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவது. 12 நட்டுக்கு 11, அல்லது 7/16 இஞ்ச் (11.1 மி.மீ.). 14 நட்டுக்கு 13, நட்டு நிறையத் தேய்ந்து அதுவும் தளர்வாக இருக்கிறது என்றால் 1/2 இஞ்ச் (12.7 மி.மீ.). 17 நட்டுக்கு 16 அல்லது 5/8 இஞ்ச் (15.9 மி.மீ.). நல்ல செட்டிலிருந்து எடுக்காதீர்கள், பழைய சாக்கெட் ஒன்றைப் பலி கொடுங்கள். சாக்கெட் நேராக ஏற வேண்டும், சாய்ந்து ஏறினால் முதல் இழுப்பிலேயே கழன்றுவிடும். ராட்செட்டைப் போட்டு அடிக்கவும் கூடாது, உள்ளிருக்கும் பல்சக்கரம் போய்விடும். சாக்கெட்டை மட்டும் அடித்து ஏற்றிவிட்டு, நீளக் கைப்பிடியை அதன்பின் மாட்டுங்கள்.

சாக்கெட் போக இடமில்லையா? தட்டை அரம் எடுத்து எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை ஒரு மில்லிமீட்டர் குறையும்வரை ராவி, ஒரு அளவு சின்னத் திறந்த வாய் ஸ்பேனரை இறுக்கமாக ஏற்றலாம், அதற்கு இங்கே மட்டும் விலக்கு. அல்லது வைஸ் கிரிப் பிளையர், அதாவது கடித்த பிடியைப் பூட்டி வைக்கும் பிளையர். அதை மூடும்போது கையே வலிக்கும் அளவுக்கு இறுக்கமாக வைத்துப் பூட்டுங்கள். சாதாரண கட்டிங் பிளையரால் முயற்சி செய்தால் மிச்சமிருக்கும் முனையும் போகும்.

படி 5: திருப்பும் விதம்

முதலில் இறுக்கும் பக்கம் லேசாகத் தள்ளுங்கள். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் துருவின் பிடி எந்தப் பக்கம் அசைந்தாலும் உடையும். அப்புறம் கழற்றும் பக்கம். அடியில் படுத்திருக்கும்போது திசை குழம்பும். மரை நுனி உங்களைப் பார்த்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம். நட்டும் போல்ட்டுமாக இருந்தால் மறுபக்கத்துப் போல்ட் தலையையும் ஒரு ஸ்பேனரால் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்தே சுற்றும்.

ஸ்பேனரை உங்களை நோக்கி இழுங்கள். தள்ளினால், அது வழுக்கும் நொடியில் விரல்முட்டி நேராக ஃபிரேமில் போய் மோதும்.

இப்போது கையால் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம். நட்டு விடுபடும்போது “டக்” என்று ஒரு சத்தமும் சட்டென்று ஒரு தளர்வும் வரும். மரையிலிருந்து சிவப்புத் தூள் உதிரும். அது நல்ல செய்தி. மாறாக, சத்தமே இல்லாமல், மெல்லிய ரப்பரைத் திருகுவதுபோல வழவழவென்று கைப்பிடி நகர்ந்தால் உடனே நிறுத்துங்கள். திரும்புவது நட்டு அல்ல, ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் கால் சுற்றில் முறியும். உறுதிசெய்ய ஒரு வழி உண்டு: தொடங்கும் முன்பே நட்டின் மீதும் ஸ்டட்டின் நுனியிலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வையுங்கள். நட்டு மட்டும் நகர்ந்தால் கோடு பிரியும். இரண்டும் சேர்ந்தே நகர்ந்தால் ஸ்டட் முறுக்குகிறது, அல்லது அடியிலிருந்தே கழன்று வருகிறது. முழுதாகக் கழன்று வந்தால் கவலை இல்லை, புது ஸ்டட்டும் நட்டும் போட்டுக்கொள்ளலாம்.

நட்டு நகரத் தொடங்கிய பிறகும் அவசரம் வேண்டாம். கிரீச் என்று சத்தம் வந்தால் அரைச்சுற்று பின்னுக்குக் கொண்டுபோய், ஆயில் விட்டு, மறுபடி முன்னுக்கு. அப்படியே முன்னும் பின்னுமாக எடுங்கள்.

படி 6: அசையவே இல்லையென்றால் சூடு

சூடு நட்டுக்கு, ஸ்டட்டுக்கு அல்ல. 10 மி.மீ. துளையுள்ள நட்டு 300 டிகிரி கூடுதலாகச் சூடானால் அந்தத் துளை 0.036 மி.மீ. அளவுக்கு விரியும். தலைமுடியின் பருமனைவிடக் குறைவுதான், துருவின் பிடி உடைய அதுவே போதும். சின்ன கேஸ் டார்ச்சால் நட்டின் பக்கங்களைச் சூடாக்கி, உடனே திருப்புங்கள். சூடு ஸ்டட்டுக்கும் பரவிவிட்டால் இரண்டும் சேர்ந்தே விரிந்து, பலன் போய்விடும். திரும்பவில்லையென்றால் சூடான மரையில் ஒரு மெழுகுவர்த்தியைத் தொடுங்கள். உருகிய மெழுகு உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறியபின் மறுபடி முயற்சி.

அடித்த ஆயிலை முன்பே நன்றாகத் துடைத்துவிடுங்கள், புகையும், தீயும் பிடிக்கும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பு கூடவே கூடாது; குளோரின் கலந்த வகை என்றால் சூட்டில் நச்சு வாயு வரும். பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ், ஆக்சிஜன் சென்சார் வயர் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் டார்ச்சைப் பற்றவைக்க வேண்டும். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். கேஸில் ஓடும் வண்டியில் இந்தப் படியையும், அடுத்ததில் வரும் கிரைண்டரையும் வீட்டில் செய்யாதீர்கள். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் போல்ட்டுகளுக்கும் சூடு கொடுக்க வேண்டாம். அவை பதம் ஏற்றிய எஃகு, சூட்டில் அந்தப் பதம் இறங்கிவிடும்.

படி 7: நட்டைப் பிளப்பது

இதற்கு வந்துவிட்டால் தோல்வி என்று நினைக்க வேண்டாம். மிக மோசமான நட்டுக்கு நான் நேராக இங்கேதான் வருவேன்.

நட் ஸ்பிளிட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. வளையத்துக்குள் நட்டை வைத்து, பின்னாலிருக்கும் திருகை இறுக்கினால் உள்ளே இருக்கும் உளி நட்டைப் பிளக்கும். பிளந்த சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். இன்னும் இறுக்கினால் உளி மரையில் இறங்கும்.

ஸ்பிளிட்டர் நுழையாத இடத்தில் 4 இஞ்ச் கிரைண்டர். நட்டின் ஒரு பக்கத்தை ஸ்டட்டுக்கு இணையாக, மரையைத் தொடும் முன்பு மெல்லிய தகடு மிச்சமிருக்கும்வரை அறுத்துவிட்டு, உளியை வைத்து ஒரு தட்டு தட்டினால் நட்டு வாய் பிளந்துகொள்ளும். தீப்பொறி பறக்கும், பெட்ரோல் கசிவு இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். கிரைண்டர் பழக்கமே இல்லை என்றால் ஹாக்ஸா பிளேடால் அறுங்கள். நேரம் ஆகும், ஆனால் கை தப்பாது.

இதற்கும் இடமில்லை என்றால் வெல்டரைக் கூப்பிடுங்கள். பெரிய நட்டு ஒன்றை மேலே வைத்து வெல்டு அடித்தால் பிடியும் கிடைக்கும், சூடும் கிடைக்கும். பேட்டரி இணைப்பை முதலில் கழற்றிவிடுங்கள்.

படி 8: புது நட்டு மாட்டுதல்

ஸ்டட்டின் மரையை வயர் பிரஷால் தேய்த்து, புது நட்டைக் கையாலேயே கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். ஹார்டுவேர் கடையில் 10 மி.மீ. நட்டு என்று கேட்டால் 1.5 மரை (வரிக்கு வரி 1.5 மி.மீ. இடைவெளி) கொடுப்பார்கள். ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் 1.25. இரண்டு சுற்று ஏறி இறுகுகிறது என்றால் மரை தப்பு, பலம் காட்டினால் ஸ்டட் நாசம். பழைய நட்டின் பாதியையாவது ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கொண்டுபோங்கள்.

மரையில் தாமிரம் கலந்த ஆன்டி-சீஸ் பேஸ்ட்டை (மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) மெல்லிசாகத் தடவினால் அடுத்த முறை இந்தப் பாடு இருக்காது. சக்கர நட்டுகளுக்கு மட்டும் வேண்டாம். அவற்றுக்குச் சொல்லும் இறுக்க அளவு உலர்ந்த மரைக்கானது, பேஸ்ட் தடவினால் அளவுக்கு மீறி இறுகிவிடும். சைலன்சரைப் பிரித்த கையோடு புது கேஸ்கெட்டும் (இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் தகடு) போடுங்கள். நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, உங்கள் வண்டி மேனுவலில் இருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் முதல் சில நிமிஷம் புகை வரும், அது மிச்சமிருந்த ஆயில் எரிவது. டப்டப் என்று காற்று கசியும் சத்தம் கேட்டால் ஃபிளேஞ்ச் சரியாக உட்காரவில்லை, ஆறியபின் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள்.