லெண்ட் தலைமைப் பயிற்சியில் சேர்வது எப்படி?

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு போன்ற நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள் உள்ளவர்களுக்கான சேவைகளை முன்னின்று நடத்தக்கூடியவர்களை உருவாக்க, அமெரிக்காவில் ‘லெண்ட்’ என்னும் பயிற்சித் திட்டம் இயங்கி வருகிறது. கூட்டாட்சி அரசின் தாய்-சேய் நலப் பணியகம் நிதி வழங்க, பல்கலைக்கழகங்களும் குழந்தைகள் மருத்துவமனைகளும் ஏறத்தாழ 60 இடங்களில் இதை நடத்துகின்றன.

இது மருத்துவர்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணிப் பலர் விலகி நிற்கின்றனர். ஆனால், குழந்தை மருத்துவம், உளவியல், பேச்சு மற்றும் மொழிச் சிகிச்சை, சமூகப் பணி போன்ற துறைகளில் பட்டமேற்படிப்பு படிப்போருடன், குறைபாடுள்ள குழந்தையின் பெற்றோரும் உடன்பிறந்தோரும், குறைபாட்டுடன் வாழ்ந்து தமக்காகத் தாமே குரல் கொடுப்போரும் இதில் பயிற்சி பெறுவோராகச் சேரலாம். குடும்ப அனுபவத்தையே ஒரு தனித் துறையாகக் கருதும் மையங்கள் உண்டு. பட்டம் வேண்டுமா என்பது மையத்துக்கு மையம் மாறுவதால், அதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து நேரத்தைக் கணக்கிட வேண்டும். நீண்டகாலப் பயிற்சி என்பது 300 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். 40 முதல் 299 மணி வரை இடைநிலைப் பயிற்சி. முழுப் பயிற்சியை ஒரு கல்வியாண்டுக்குள் முடிப்பதென்றால் வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது ஒதுக்க நேரிடும். வகுப்புகள், பல துறையினர் ஒன்றாக அமர்ந்து ஒரு குழந்தையை மதிப்பிடும் மருத்துவ அமர்வுகள், கொள்கை வகுப்போரைச் சந்தித்தல், சொந்தமாக ஒரு செயல்திட்டம் ஆகியவை அந்த நேரத்துக்குள் அடங்கும். பல மையங்களில் மாணவர் ஒரு குடும்பத்துடன் இணைக்கப்பட்டு, அவர்களது அன்றாடத்தை அருகிருந்து அறிந்துகொள்கிறார். என் கணிப்பில், பாடநூலால் ஈடுசெய்ய முடியாத பகுதி இதுவே.

விண்ணப்பத்தில் பெரும்பாலும் தற்குறிப்பு, நோக்க உரை, பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவை கேட்கப்படும். நோக்க உரையில்தான் பலரும் தடுமாறுகின்றனர். குழந்தைக்குக் குறைபாடு கண்டறியப்பட்ட நாளின் துயரத்தை விரித்து எழுதுவதைவிட, அதன்பின் நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, ஐ.இ.பி. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டக் கூட்டத்தில் பெற்றோருக்கு விளங்கும் வகையில் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் பொறுப்பு என்று கூட்டாட்சி விதி சொல்கிறது. அதைச் சுட்டிக்காட்டி உங்களுக்கும் பிற குடும்பங்களுக்கும் அந்த வசதியைப் பெற்றுத் தந்திருந்தால், அந்த ஒரு பத்தியே தலைமைத் திறனுக்குச் சான்றாகும். மாணவர்களும் மதிப்பெண்களை அடுக்குவதோடு நிறுத்தாமல், பிற துறையினருடன் சேர்ந்து செய்த பணியைக் குறிப்பிட வேண்டும்.

தமக்காகத் தாமே குரல் கொடுப்போர் எளிய மொழியிலான பாடங்கள், பேச்சைத் திரையில் காட்டும் எழுத்துவரிகள், கூடுதல் அவகாசம், உதவியாளர் போன்ற தேவைகளை நேர்காணலுக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்கலாம். இது சலுகை கேட்பதாகாது. 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் நியாயமான ஏற்பாடுகளுக்கு வழிசெய்கிறது. எஸ்.எஸ்.ஐ. எனப்படும், வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்குமான கூட்டாட்சி அரசின் மாதாந்திர உதவி பெறுவோர், பயிற்சிக்காக மையம் தரும் உதவித்தொகை அந்த உதவியைக் குறைக்குமா என்று சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரித்த பிறகே ஒப்புதல் அளிக்க வேண்டும். கூட்டாட்சி நிதியிலிருந்து வரும் உதவித்தொகை பொதுவாகக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றோருக்குமே கிடைப்பதால், மாணவர் விசாவில் இருப்போர் தொகையின்றிச் சேர முடியுமா என்று கேட்கலாம். இந்நிதி 2014ஆம் ஆண்டின் ஆட்டிசம் கேர்ஸ் சட்டத்தைச் சார்ந்தது. அது 2019லும் 2024லும் புதுப்பிக்கப்பட்டது. ஆயினும், நீங்கள் சேரும் ஆண்டுக்கான தொகை உறுதியாகிவிட்டதா என்று மையத்திடம் கேட்பதில் தவறில்லை.

நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள். குடும்பத்தினருக்கும் மாணவர்களுக்கும் ஒரே அளவு உதவித்தொகையா? கற்பிப்போரில் பெற்றோரோ, குறைபாட்டுடன் வாழ்வோரோ இருக்கிறார்களா? ஆண்டுக்கு ஒருமுறை தம் கதையைச் சொல்ல மட்டும் குடும்பத்தினரை அழைக்கும் மையமென்று தெரிந்தால், வேறு மையம் தேடுவதே மேல்.

பல்கலைக்கழகச் சூழல் ஒத்துவராதவர்களுக்கு, மின்னசோட்டாவில் 1987இல் தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் பரவிய ‘பார்ட்னர்ஸ் இன் பாலிசிமேக்கிங்’ பயிற்சி உண்டு. பெற்றோருக்கும் குறைபாடுள்ள பெரியவர்களுக்குமென்றே அமைக்கப்பட்ட அது உங்கள் மாநிலத்தில் நடக்கிறதா என்பதை மாநில வளர்ச்சிக் குறைபாட்டு மன்றத்தில் கேட்டறியலாம்.