டெல்டா ஈரத்தில் நரம்பு ஒட்டிய வில்

மரவில்லின் முதுகில் (எய்கிறவருக்கு எதிர்ப்பக்கம்) நரம்பு, அதாவது மாட்டின் தசைநார், ஒட்டுவது எந்த ஊரிலும் பொறுமை கேட்கும் வேலைதான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் செய்கிறவர்களுக்குக் காற்றில் இருக்கும் ஈரத்தோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அதனால் உளியை எடுக்கும் முன் மாதத்தைப் பாருங்கள். சம்பா அறுப்பு முடிந்த தையில் மரத்தை இழைத்து, மாசியில் நரம்பு ஒட்டினால் பங்குனி, சித்திரை வெக்கை முழுக்கக் காய்வதற்குக் கிடைக்கும். ஐப்பசியில் ஒட்டினால் அடைமழை முடியும்வரை பசை இறுகாது, பூஞ்சையும் பிடிக்கும்.

வில் வளையும்போது முதுகு நீளும், நம் பக்கம் இருக்கும் வயிறு அமுங்கும். நரம்பு அறுபடாமல் மரத்தைவிடப் பல மடங்கு நீளக்கூடியது, அதனால்தான் குட்டை வில்லையும் தைரியமாக இழுக்க முடிகிறது. ஆனால் அமுங்கும் வேலை முழுக்க மரத்தின் தலையில் விழும். அதனால் அடர்த்தியான நாட்டுக் கருவேலத்தைத்தான் நான் எடுப்பேன், நிழலில் ஓராண்டாவது காய்ந்த கட்டையாக. மூங்கிலுக்கு நரம்பு ஒட்டுவது வீண் வேலை, அதன் மேல்தோலே இழுவையை நன்றாகத் தாங்கும்.

நீளம் நாலரை அடி, பிடிக்குப் பக்கத்தில் அகலம் ஒன்றரை அங்குலம், நுனியில் அரை அங்குலம். நரம்பு ஒட்டும் முன்பே வில்லின் இரண்டு கையும் (பிடிக்கு மேலும் கீழும் இருக்கும் பாதிகள்) சமமாக வளைகிறதா என்று பார்த்துவிட வேண்டும். வில்லைச் சுவரில் மாட்டி, நாணில் கயிறு கட்டி, கிணற்று ராட்டினம் ஒன்றின் வழியாகத் தள்ளி நின்று இழுத்துப் பாருங்கள், உடைந்தால் முகத்தில் தெறிக்காது.

மான் நரம்புதான் வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். மாட்டின் பின்னங்கால் நரம்பு போதும், கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்து வெட்டாமல் முழுசாக வாங்குங்கள். ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சவ்வையும் சீவிவிட்டு, கண்ணாடி மாதிரி மஞ்சளாகும்வரை நிழலில் காயவிட்டு, வழவழப்பான கல்லில் வைத்து மரச்சுத்தியால் தட்டினால் இழை இழையாகப் பிரியும். பிரித்ததைச் சோப்புத் தண்ணீரில் அலசி மறுபடி காய வையுங்கள். ஒரு வில்லுக்கு உலர்ந்த இழை 150 கிராம் அளவில் வைத்துக்கொள்ளலாம்.

பசைக்கு ஆசாரிகள் முன்பு காய்ச்சிய வஜ்ஜிரம்தான் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை), ஃபெவிக்கால் வேண்டாம். வஜ்ஜிரத்தை இரவே ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். சூடு 60 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கொதித்தால் பசை பலம் இழக்கும். வில்லின் முதுகை ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் கீறிச் சொரசொரப்பாக்கி, நீர்த்த பசையை இரண்டு மூன்று தடவை பூசிக் காயவிடுங்கள், அதற்கப்புறம் அந்த முதுகை வெறுங்கையால் தொடவே கூடாது. நுனிகளை முதுகுப் பக்கமாக ஓர் அங்குலம் வளைத்துக் கட்டிக்கொண்டு, இழைக் கொத்தை வெதுவெதுப்பான பசையில் முக்கி, சீப்பால் நீவி, செங்கல் அடுக்குவதுபோல் இணைப்புகள் ஒரே இடத்தில் விழாமல் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். முதல் அடுக்கு ஒரு வாரமாவது காய்ந்த பிறகு இரண்டாவது.

அப்புறம் தராசு. ஒட்டி முடித்ததும் சமையலறை டிஜிட்டல் தராசில் எடை போட்டு, வாரா வாரம் குறித்து வாருங்கள். இறங்கிக்கொண்டே வரும் எடை ஒரு நிலைக்கு வந்து நின்றால்தான் வில் காய்ந்ததாக அர்த்தம், இங்கே அதற்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். வெயிலில் போட்டு அவசரப்படுத்தினால் மேலே இறுகி உள்ளே ஈரம் நிற்கும். காய்ந்த எடையைப் பிடியிலேயே எழுதிவிட்டு, இரண்டு கையும் சமமா என்று மறுபடி சரிபார்த்து, பிறகு அரக்கு பாலிஷ் நாலைந்து பூச்சு கொடுங்கள்.

பின்னாளில் வில் தளர்ந்தால் உளியைத் தேடாமல் முதலில் எடை போடுங்கள். எடை கூடியிருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது என்று பொருள். வில்லை ஒரு பெட்டிக்குள் வையுங்கள்: உள்ளே 40 வாட் குண்டு பல்பு, காற்றுப் போக மேலும் கீழும் ஓட்டை, சூடு 40 டிகிரிக்குள். சில நாளில் பழைய விசை திரும்பும். கொரியாவிலும் எருமைக் கொம்பும் நரம்பும் ஒட்டிய கொம்பு வில்லை வெதுவெதுப்பான பெட்டியில்தான் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். எடை மாறாமலே ஒரு கை மட்டும் அதிகம் வளைந்தால் விறைப்பான கையின் வயிற்றுப் பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள். நரம்புப் பக்கம் கை வைக்காதீர்கள்.

நுனியில் நரம்பு தூக்கிக்கொண்டு வந்தால் அங்கே கொழுப்பு இருந்திருக்கும், அல்லது பசை ஆறியபின் ஒட்டியிருப்பீர்கள். சூடான பசையை இடுக்கில் விட்டு, பசையில் நனைத்த நரம்பு இழையால் சுற்றிக் கட்டினால் நிற்கும். முதுகில் நீளவாக்கில் தெரியும் மெல்லிய வெடிப்பு பெரும்பாலும் மேல்பசையோடு சரி. வயிற்றில் குறுக்காகக் கோடு கோடாகத் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும், மரம் அங்கே நசுங்குகிறது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் சுரண்டி வளைவைப் பரவவிட்டு, நாணை இழுக்கும் தூரத்தையும் 2 அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். நகத்தில் தட்டுப்படும் ஆழத்துக்குக் கோடு போயிருந்தால் அந்த வில்லை இனி இழுக்காதீர்கள்.

எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிட்டு, எலியும் நாயும் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள், நரம்பும் வஜ்ஜிரமும் அதுகளுக்குத் தீனி.