ஆங்கிலக் கடிதத்தை எப்படி முடிப்பது?

ஆங்கிலத்தில் அலுவல் கடிதம் எழுதும்போது, தொடக்கத்தில் நாம் இடும் விளிச்சொல்லே இறுதியில் வர வேண்டிய சொல்லைத் தீர்மானிக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பெறுபவரின் பெயர் தெரியாமல் 'டியர் சார்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி' என்றும், 'டியர் மிஸ்டர்' என்று எழுதி அவருடைய குடும்பப் பெயரைச் சேர்த்துத் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி' என்றும் முடிப்பதே பிரிட்டிஷ் மரபு. அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'சின்சியர்லி' என்ற ஒரே சொல்லுடன் நிறுத்திக்கொள்கிறார்கள். கடிதத்தை முடிக்கும் இந்தச் சொற்றொடரில் முதல் சொல்லின் முதல் எழுத்து மட்டுமே பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். 'யுவர்ஸ்' என்பதில் எஸ் எழுத்துக்கு முன்னால் மேற்குறி (அப்பாஸ்ட்ரஃபி) இடுவது பரவலாகக் காணப்படும் பிழை; அதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். 'டோன்ட்', 'கான்ட்' போன்ற சுருக்க வடிவங்கள் நண்பருக்கு எழுதும் கடிதத்தில் இயல்பாகவே பொருந்தும்; விண்ணப்பத்திலும் புகார்க் கடிதத்திலும் அவற்றை விரித்தே எழுதுங்கள்.