பதிவு போய்விட்டது என்று நம்பிச் செய்யும் தவறுகள்

நியூயார்க்கில் பழைய குற்றப் பதிவுகளை நீக்க உதவும் இலவச முகாம்களில் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். புதிதாக வரும் தன்னார்வலர்கள், நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் செய்த சொதப்பல்களையே திரும்பச் செய்கிறார்கள். தேதி மாறுவது, கையெழுத்து விட்டுப்போவது எல்லாம் தானே பழகிவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

போலீஸ் நிறுத்தியதே தப்பு, அதனால் பதிவும் போயிருக்கும்

போகாது. 2011-இல் மட்டும் நியூயார்க் போலீஸ் 6,85,000 தடவைக்கு மேல் ஆட்களை வழியில் நிறுத்தியது. அதை நடத்திய விதம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2013-இல், நிறுத்தப்பட்டவர்கள் நகரத்தின் மேல் போட்ட ஃபிளாய்ட் வழக்கில் நீதிபதி ஷைரா ஷைண்ட்லின் தீர்ப்பளித்தார். ஆனால் போலீஸ் இனி எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பற்றிய தீர்ப்பு அது. யாருடைய தண்டனையும் அதனால் ரத்தாகவில்லை. தானாக நீக்கும் சட்டங்கள் என்ன குற்றம், எத்தனை வருடம் ஆயிற்று என்றுதான் பார்க்கின்றன. நிறுத்தியது நியாயமா என்று பார்ப்பதில்லை.

கோப்பையே அழிக்கச் சொல்லி மனுப் போடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

பழைய 1977 சட்டப்படி பாக்கெட்டுக்குள் கொஞ்சம் கஞ்சா இருந்தால் அபராதத்தோடு போய்விட்டது. அதுவே பொது இடத்தில் வெளியே தெரிந்தால் குற்றமாக இருந்தது. எனவே அப்போது போலீஸார் நிறுத்துவார்கள், "பாக்கெட்டில் இருப்பதை எடு" என்பார்கள், எடுத்ததும் 'வெளியே தெரிந்தது' என்று வழக்கு எழுதுவார்கள். இப்படி வந்த தண்டனைகளை, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய 2021 சட்டம் தானாக நீக்கியது. காகிதத்தையும் அழிக்க வேண்டுமென்றால் தனியாக மனுப் போடலாம் என்றும் அது சொல்கிறது.

நல்லதுதானே என்று ஒரு தன்னார்வலர் கிரீன் கார்டு வைத்திருந்த ஒருவருக்கு அந்த மனுவை நிரப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு அந்த கிரீன் கார்டுக்காரர் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். குடியேற்ற அதிகாரிகள் கைரேகையைத் தேடியபோது கைது மட்டும் வந்து நின்றது. வழக்கு எப்படி முடிந்தது, எந்தப் பிரிவு, எவ்வளவு அளவு என்று கேட்டார்கள். அதையெல்லாம் சொல்லும் தாள் அழிந்துபோயிருந்தது. கோர்ட்டில் கிடைத்தது 'கோப்பு இல்லை' என்ற ஒரு கடிதம். வக்கீல் செலவு, மாதக்கணக்கில் அலைச்சல்.

மாநிலம் நீக்கினாலும் குடியேற்றச் சட்டம் அதைப் பொதுவாகத் தண்டனையாகவே எண்ணும். குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவமும், பதிவு மறைக்கப்பட்டிருந்தாலும் நீக்கப்பட்டிருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறது. அங்கே 'இல்லை' என்று எழுதினால் பொய் சொன்ன கணக்கு வேறு சேரும். வழக்கிலேயே சட்டக் குறை இருந்தது என்று கோர்ட் தண்டனையை ரத்து செய்தால் கதை வேறு. குடியேற்ற மேல்முறையீட்டு வாரியத்தின் 2003 பிக்கரிங் தீர்ப்பு அதை ஏற்கிறது. அந்தக் குறையைக் காட்டவும் பழைய கோப்புதான் வேண்டும்.

குடியுரிமை இல்லாதவர் வந்தால் முதலில் சான்றளித்த தீர்ப்பு நகல்களை வாங்குங்கள். அப்புறம் குடியேற்ற வக்கீல். அவர் சரி என்ற பிறகுதான் அந்த மனு.

மறைப்பதும் அழிப்பதும் ஒன்றல்ல

2024 நவம்பரில் அமலுக்கு வந்த 'கிளீன் ஸ்லேட்' சட்டம் பழைய தண்டனைப் பதிவுகளை மறைக்கத்தான் செய்கிறது, அழிப்பதில்லை; போலீஸுக்குத் தெரியும்.

சீக்கிரம் முடியட்டும் என்று குற்றத்தை ஒப்புக்கொள்வது

போலீஸ் நிறுத்திச் சோதனையிட்டதை எதிர்த்து மனுப் போடாமல் ஒப்புக்கொண்டால், அந்தச் சோதனை சட்டவிரோதம் என்ற வாதம் பெரும்பாலும் அங்கேயே போய்விடும்.

தனியார் பின்னணிச் சோதனை நிறுவனங்களை மறப்பது

கோர்ட் நீக்கிய பதிவு அவர்களுடைய பழைய தரவில் கிடக்கும். எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் விசாரித்தாக வேண்டும்.