பீவீசீ குழாயில் பரிவு: 87இல் தொடங்கி 350இல் முடிந்த கதை

போன வருடம் என் வகுப்பில் ஒலியின் கதி செக்கனுக்கு 87 மீற்றர் என்று வந்தது. கணக்கைக் கரும்பலகையில் எழுதியதும் நான்தான், விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டதும் நான்தான். "அப்ப நாங்க போற பிளேன் எல்லாம் சத்தத்த விட ஸ்பீடா சேர்?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அன்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இரவு எட்டு மணி வரை குழாயோடு மல்லுக்கட்டினேன். அந்த இரவில் பிடிபட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உயர்தரப் பௌதிகவியல் படிப்பிக்கிறவர்களுக்குப் பரிவுக் குழாய் புதிதில்லை: குழாயில் இருக்கும் வளியின் நீளம் சுரத்துக்குப் பொருந்தும் இடத்தில் சத்தம் ஏறும், அதுதான் பரிவு, அந்த நீளங்களை அளந்து ஒலியின் கதியைக் கணக்கிடலாம். ஆனால் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையில் ரியூஷன் வகுப்பு நடத்தும் என்னைப் போன்றவர்களிடம் ஆய்வுகூடம் கிடையாது. வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் "முதலாம் பரிவு" எப்படி இருக்கும் என்று காதால் கேட்காமலே சூத்திரத்தை மனப்பாடமாய்ச் சொல்கிறார்கள். கணு, முரண்கணு, நிலையான அலை எல்லாம் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது, அதைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. மூடிய முனையில் கணு (வளி அசையாத இடம்), திறந்த வாயில் முரண்கணு (வளி அதிகமாக அசையும் இடம்), அது தெரிந்தால் போதும்.

முதலில் குழாய். பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடையில் இரண்டு பீவீசீ குழாய் வாங்குங்கள். உள்விட்டம் 3 சென்ரிமீற்றர் அளவில் ஒன்று, அது தாராளமாக உள்ளே போய்வரக்கூடிய பருமனில் இன்னொன்று. கடையிலேயே வெட்டித் தருவார்கள். மெல்லியது 70 சென்ரிமீற்றர், பருமனானதும் கிட்டத்தட்ட அதே நீளம். பருமனானதன் அடியை மூடி போட்டு ஒட்டிவிட்டு, ஒரு நாள் காயவிடுங்கள். நான் காயவிடவில்லை, வகுப்பின் நடுவில் அடிமூடி கழன்று மாடிப்படியெல்லாம் தண்ணீர். பருமன் குழாயில் தண்ணீர் நிரப்பி மெல்லிய குழாயை அதற்குள் இறக்கி ஏற்றினால் வளி நிரலின் நீளம் மாறும். அவ்வளவுதான் உபகரணம்.

வாளியில் செய்யலாமே என்று கேட்பீர்கள். சாதாரண வாளியின் ஆழம் 30 சென்ரிமீற்றர் சொச்சம். அதற்குள் 70 சென்ரிமீற்றர் குழாயை முழுக்க இறக்க முடியாது. குழாயைக் குட்டையாக வெட்டினால் இரண்டாம் பரிவு கிடைக்காது. இரண்டும் வேண்டுமென்றால் ஆழம் வேண்டும்.

அளப்பதற்குத் தையற்காரரின் இஞ்சிரேப்பைச் சென்ரிமீற்றர் பக்கம் வெளியே தெரியும்படி மெல்லிய குழாயின் மேல் ஒட்டுங்கள், பூச்சியம் குழாயின் வாயோடு சரியாக நிற்க வேண்டும். குழாய் இரு பக்கமும் திறந்தது என்பதால் உள்ளே இருக்கும் நீர்மட்டமும் வெளியே தெரியும் நீர்மட்டமும் ஒன்றுதான், ஆகவே வெளியே வாசித்தாலே போதும். கண்ணாடிபோல் தெரியும் அக்கிரிலிக் குழாய் பார்க்க அழகுதான், ஆனால் அந்தக் காசுக்கு நாலு பீவீசீ குழாய் வாங்கிப் பிள்ளைகளை நாலு குழுவாகப் பிரிக்கலாம், நான் அந்தக் கட்சி.

இனி ஒலி. இங்கேதான் நான் விழுந்தேன், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

என்னிடம் அப்போது இசைக்கவை, அதாவது தட்டினால் ஒரே சுரம் தரும் இரு கிளை உலோகக் கவை, இல்லை. போனில் ஒரு ஆப் போட்டு 256 ஹேர்ட்ஸ் வைத்து, ஸ்பீக்கரைக் குழாயின் வாய்க்கு மேலே பிடித்தேன். குழாயை மெல்ல உயர்த்த 16.2 சென்ரிமீற்றரில் சத்தம் நன்றாக ஏறியது. இன்னும் உயர்த்த 33.2இல் மறுபடி ஏறியது. அடுத்தடுத்த இரண்டு பரிவுக்கு நடுவில் அரை அலைநீளம். வித்தியாசம் 17.0. கதி என்றால் மீடிறனை (செக்கனுக்கு எத்தனை அதிர்வு) அலைநீளத்தால் பெருக்குவது, அப்படியானால் 2 × 256 × 0.170, அதாவது 87. கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

பிழை போனில். கைப்பேசியின் ஸ்பீக்கர் ஒரு விரல் நகம் அளவுதான், 256 ஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த சுருதியை அதனால் ஒழுங்காகத் தள்ள முடியாது. முக்கித் தள்ளும்போது அலை நெளிந்து, நாம் வைக்காத 512, 768 எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. அன்றிரவு இன்னொரு போனில் ஃபைபாக்ஸ் ஆப்பின் ஒலி நிறமாலையை (சத்தத்தில் எந்த மீடிறன் எவ்வளவு என்று காட்டும் வரைபை) திறந்து முதல் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். 256இல் ஒரு சின்னக் கூர், 512இல் அதைவிட உயரமாக ஒன்று, 768இலும் ஒன்று. ஆக 16.2இல் நான் கேட்டது 512இன் முதலாம் பரிவு. 33.2தான் உண்மையான 256இன் முதலாம் பரிவு. இரண்டு வேறு சுரங்களின் பரிவுகளைக் கழித்துவிட்டு ஒலியின் கதி என்று எழுதியிருக்கிறேன். குழாய் பொய் சொல்லவில்லை, கொடுத்த சத்தத்தில் தனக்குப் பொருந்தியதை எடுத்துக் காட்டியது.

உன்னிப்பாகக் கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். 16.2இல் கேட்ட சுரம் 33.2இல் கேட்டதைவிட ஒரு ஸ்தாயி உயரம். சங்கீதம் படிக்கும் ஒரு பிள்ளையை முன்வாங்கில் இருத்துங்கள், "சேர், இது மேல் சட்ஜம்" என்று உடனே சொல்லும். என் வகுப்பில் சொன்னது, நான்தான் காதில் போடவில்லை.

ஆகவே போன் என்றால் 500 ஹேர்ட்ஸுக்கு மேலே வையுங்கள், அல்லது மேசையில் வைக்கும் புளூடூத் ஸ்பீக்கரோடு இணையுங்கள். ஃபைபாக்ஸ் இலவசம், ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செய்தது, விளம்பரம் கிடையாது, ஒலி எழுப்பவும் அளக்கவும் அதிலேயே முடியும். மற்ற ஆப்களை நான் அழித்துவிட்டேன்.

இசைக்கவை கிடைத்தால் அதுதான் ராஜா. 512 அல்லது 480 எடுங்கள். 256இன் இரண்டாம் பரிவுக்கு ஒரு மீற்றருக்கும் மேலே வளி நிரல் வேண்டும், நம் குழாய் போதாது. மேசை விளிம்பில் அடிக்காதீர்கள், அடிப்படைச் சுரத்தின் ஆறு மடங்குக்கும் மேலே ஒரு கிண்கிண் சத்தம் கூடவே வரும், கவையும் கெடும். ரப்பர்ச் செருப்பின் அடிப்பாகத்தில் தட்டுவது போதும், வகுப்பில் செருப்புக்குப் பஞ்சமில்லை. கவையின் இரு கிளையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வரும்படி கிடையாகப் பிடித்து, கீழ்க்கிளை குழாயின் வாயைப் பார்த்து மேலும் கீழும் அதிர வேண்டும். நம்பிக்கை இல்லையென்றால் தட்டிய கவையைக் காதுக்குப் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்துக் காம்பைச் சுழற்றிப் பாருங்கள். ஒரு சுற்றில் நாலு இடத்தில் சத்தம் அடங்கும். அந்தக் கோணத்தில் குழாய்க்கு மேலே பிடித்தால் ஒன்றும் கேட்காது.

தேடுவதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் குழாய்க்கு, ஒருவர் கவைக்கு. குழாயைக் கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு அங்கேயிருந்து மெல்ல மெல்ல உயர்த்துங்கள், கவையும் கூடவே உயர வேண்டும். நடுவில் எங்கேயோ தொடங்கினால் முதலாம் பரிவைத் தவறவிட்டு இரண்டாவதை முதலாவது என்று எழுதுவீர்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், பிள்ளைகள் வேர்க்குது என்று முனகுவார்கள், முனகட்டும். சத்தம் உச்சம் ஆகும் இடத்தைக் காது ஒரே தரத்தில் பிடிக்காது. கொஞ்சம் மேலே போய்ச் சத்தம் குறைகிற இடம், கொஞ்சம் கீழே வந்து அதே அளவு குறைகிற இடம், இரண்டுக்கும் நடு. மழை பெய்தால் விட்டுவிடுங்கள், தகரக் கூரைக்குக் கீழே பௌதிகவியல் எடுபடாது.

512 கவைக்கு எங்களுக்கு வந்தது 16.1உம் 50.3உம். வித்தியாசம் 34.2. கதி 2 × 512 × 0.342, செக்கனுக்கு 350 மீற்றர். அன்று அறையில் 30 பாகை செல்சியஸ். 331.3இல் தொடங்கி ஒவ்வொரு பாகைக்கும் 0.6 கூட்டினால் 349 சொச்சம் வர வேண்டும். கொழும்பின் ஈரக் காற்று அதை இன்னும் ஒன்றிரண்டு மீற்றர் கூட்டும், ஏனென்றால் நீராவி வளியைவிட இலேசானது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அவசரக்காரப் பிள்ளை முதலாம் பரிவை மட்டும் எடுத்து, 16.1ஐக் கால் அலைநீளம் என்று வைத்து 4 × 512 × 0.161 போடும். வருவது 330! புத்தகத்தில் பார்த்த எண் என்பதால் குதிக்கும், மற்றவர்களும் அதையே எழுதுவார்கள். 330 பூச்சியப் பாகைக்கு உரிய கதி, கொழும்பில் அந்தக் குளிர் குளிர்சாதனப் பெட்டிக்குள்தான். 87 வந்தால் பிழை என்று எல்லாருக்கும் தெரியும், 330 வந்தால் ஒருவருக்கும் தெரியாது. இரண்டில் எனக்குப் பயம் 330தான்.

குறைந்த அந்த 20 மீற்றர் குழாயின் வாயில் இருக்கிறது. முரண்கணு சரியாக வாயில் நிற்பதில்லை, கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கிறது. அந்த முனைத் திருத்தம் ஏறக்குறைய ஆரையின் 0.6 மடங்கு, நம் குழாய்க்கு 0.9 சென்ரிமீற்றர். எங்கள் அளவீட்டில் (50.3 − 3 × 16.1) ÷ 2 போட்டால் 1.0 வருகிறது. நல்ல பொருத்தம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் முதல் அளவீட்டில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் இதில் ஒன்றரை மில்லிமீற்றர் பிசகும், பெருமைப்பட வேண்டாம். நாலைந்து கவை இருந்தால் முதலாம் பரிவு நீளத்தை மீடிறனின் தலைகீழுக்கு எதிரே வரைபாக்குங்கள். படித்திறன் கதியின் கால்வாசி, வெட்டுத்துண்டு முனைத் திருத்தத்தை மறைக் குறியோடு தரும்.

நேரம் மிஞ்சினால் போத்தல். வீட்டில் 750 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தல் எதில் வரும் என்று எல்லாருக்கும் தெரியும், லேபிளை மட்டும் கழற்றிவிட்டுக் கொண்டுபோங்கள். வாயின் மேல் ஊதுவதற்கு முன் சுரத்தைக் கணிக்கச் சொல்லுங்கள். 30 சென்ரிமீற்றர் உயரம், அடி மூடியது, ஆகவே 290 ஹேர்ட்ஸ் என்பார்கள். ஊதினால் 115 பக்கம் வரும். போத்தல் குழாய் இல்லை. கழுத்தில் இருக்கும் வளி ஒரு கட்டிபோல மேலும் கீழும் ஆட, வயிற்றில் இருக்கும் வளி அதற்கு வில்லாக நிற்கிறது. வயிற்றின் கனவளவு பாதியானால் சுரம் 1.4 மடங்கு ஏறும், தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், 160ஐத் தாண்டும். அப்புறம் பாதித் தண்ணீரோடு போத்தலைக் கொஞ்சம் சரித்துப் பிடித்து ஊதுங்கள், தண்ணீர் கழுத்துக்கு வராத மட்டும். உள்ளே வளியின் வடிவம் முழுக்க மாறிவிட்டது, சுரம் அசையாது. என் வகுப்பில் கைதட்டல் வாங்கிய ஒரே பரிசோதனை இதுதான்.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இப்படிப்பட்ட குடங்களை அளவு அளவாகச் செய்து, ஒரு பக்க முனையைக் காதில் செருகி, ஒரு சுரத்துக்குள் ஒளிந்திருக்கும் மேற்றொனிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டார். அவர் கையில் என் போனைக் கொடுத்திருந்தால் அரை நிமிடத்தில் 512ஐப் பிடித்திருப்பார்.

பின்சேர்க்கை: இரண்டு பேர் எழுதினார்கள். ஒருவருக்கு எல்லா நீளமும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் குறைவாக வந்தது. படம் அனுப்பச் சொன்னேன், போனைக் குழாயின் வாயில் மூடிபோலச் சாத்தி வைத்திருக்கிறார். வாய் பாதி மூடினால் அது திறந்த முனை இல்லை, ஸ்பீக்கரை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தள்ளிச் சரிவாகப் பிடியுங்கள். மற்றவர் நுவரெலியாவில் படிப்பிக்கிறார், தனக்கு 341 வருகிறது, 350 வரவே இல்லை, குழாய் பிழையா என்று கேட்டிருந்தார். அறையில் வெப்பமானி இருந்தால் பாருங்கள் ரீச்சர் என்று எழுதினேன். 16 பாகையாம், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் அளந்தாராம்.